பழைய பொம்மை ரயில்கள்: ஏலத்துக்கு அனுப்புவதா, வியாபாரியிடம் கொடுப்பதா?

திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகளில் பரணை ஒழிக்கும்போது தகர ரயில் கிடைப்பது அவ்வளவு அபூர்வம் அல்ல. கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள், சிங்கப்பூர், பினாங்கு என்று போய்வந்தவர்கள், விக்கிரமசிங்கபுரம் மில்லிலும் மாஞ்சோலை எஸ்டேட்டிலும் வெள்ளைக்கார மேனேஜர்களிடம் வேலை பார்த்தவர்கள், பாளையங்கோட்டை மிஷன் பங்களாக்களோடு தொடர்புள்ளவர்கள் என்று பல வழிகளில் இவை வந்து சேர்ந்திருக்கலாம். வளைகுடாவிலிருந்து 1980களில் வந்த பிளாஸ்டிக் செட்டுகள் தனி வகை. தாத்தா சேர்த்து வைத்ததை விற்கலாம் என்று வீட்டில் முடிவானதும் முதலில் வரும் யோசனை ஆக்கர் கடை, அதாவது பழைய இரும்புக் கடை. அடுத்தது, இணையத்தில் யாரோ லட்சக்கணக்கில் விற்றதாகப் படித்த செய்தி. இந்த இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

விற்க மூன்று வழிகள் உண்டு: பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் பொம்மைகளுக்கென்றே நடக்கும் ஏலம், மொத்தமாக விலை பேசி வாங்கும் வியாபாரி, சேகரிப்பாளருக்கு நேரடியாகக் கொடுப்பது. எது லாபம் என்பதைத் தீர்மானிப்பது கமிஷன் சதவீதம் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் ஊரில் இருந்து விற்பவருக்கு அதைவிட முக்கியமானது கிலோ. பொதி கட்டிய பிறகு அதன் எடைக்கு என்ன விலை தேறும் என்பதைப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

முதலில் கையில் இருப்பது என்ன

ஒரு ஸ்கேலை எடுத்துத் தண்டவாளத்தின் உள்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். 32 மில்லிமீட்டர் என்றால் ஓ கேஜ். 16.5 மில்லிமீட்டர் என்றால் டபிள் ஓ அல்லது ஹெச்ஓ. ஓ கேஜ் தகர ரயில்களில் நம் பக்கம் அதிகம் எதிர்பார்க்கக்கூடியது ஹார்ன்பி. லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பெனி 1920இல் தொடங்கிய வரிசை அது. வண்டியின் அடிப்பக்கத்திலோ பக்கவாட்டிலோ கம்பெனி பெயர் இருக்கும். 1938இல் வந்த சிறிய அளவு ரயில் ஹார்ன்பி டப்ளோ. அதற்கு முதலில் நடுவே மூன்றாவது தண்டவாளம் இருந்தது, 1959இல்தான் இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது. 1964இல் மெக்கானோவை, டிரை-ஆங் என்ற போட்டி ரயில் வரிசையின் உரிமையாளர்களான லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்தவற்றில் டிரை-ஆங் ஹார்ன்பி என்றும், 1970களில் ஹார்ன்பி ரெயில்வேஸ் என்றும் பெயர் இருக்கும். மெர்க்லின் என்றால் ஜெர்மனி, லயோனல் என்றால் அமெரிக்கா, லிமா என்றால் இத்தாலி.

காலத்தைக் கண்டுபிடிக்க டெண்டரிலோ (இன்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) வேகனிலோ உள்ள எழுத்துகள் உதவும். பிரிட்டனில் 1923இல் ரயில் கம்பெனிகள் நான்காக இணைக்கப்பட்டன. எல்எம்எஸ், எல்என்இஆர், ஜிடபிள்யூஆர், எஸ்ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் 1923க்கும் நாட்டுடைமைக்கும் இடைப்பட்ட பாணி. 1948இல் ரயில்வே நாட்டுடைமையானது. பிரிட்டிஷ் ரெயில்வேஸ் சிங்கச் சின்னம் இருந்தால் அதற்குப் பிந்தையது. எல்என்டபிள்யூஆர், எம்ஆர், ஜிஎன் போன்ற 1923க்கு முந்தைய கம்பெனி எழுத்துகள் இருந்து, வேகன் நட்டு-போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தால், அது ஹார்ன்பியின் ஆரம்ப ஆண்டுகளைச் சேர்ந்தது. பின்னால் வந்தவை தகரக் காதை மடக்கிப் பொருத்தியவை. இந்த ஆரம்ப ஆண்டுச் சரக்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அதற்குச் சட்டம் வேறு, கீழே வருகிறது.

நீல நிறப் பிளாஸ்டிக் தண்டவாளத்தில் பேட்டரி போட்டு ஓடும் ஜப்பான் ரயில்களுக்கும், 1980களின் லிமா, ஹார்ன்பி தொடக்க செட்டுகளுக்கும் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தாது. அவற்றை உள்ளூரிலேயே விளையாடப் போகும் பிள்ளைக்கு விற்பதுதான் நியாயம். வெளிநாட்டு ஏலத்தில் அவை பெட்டி பெட்டியாக மலிவு விலைக்குப் போகின்றன. தபால் செலவுகூடத் தேறாது.

விலையைக் குறைப்பவை

இன்ஜினின் பெயரைவிட அதன் நிலைமைக்குத்தான் பணம். ஒரே மாடல், ஒரே ஆண்டு. அசல் அட்டைப்பெட்டியோடு, பெயிண்ட் உரியாமல் இருந்தால் ஒரு விலை. பெட்டி இல்லாமல், எனாமல் பூசி அழகு பார்த்திருந்தால் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். மறுபெயிண்ட் அடித்ததை ஏலக் குறிப்பில் தவறாமல் எழுதுவார்கள். ஆகவே துடைப்பது, பாலிஷ் போடுவது, மண்ணெண்ணெய் தொட்டுத் துருவெடுப்பது எதுவும் வேண்டாம். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். தகரத்தின் மேல் அச்சடித்த லித்தோ நிறம் ஈரத்துணிக்கே உரியும்.

நம் ஊர் வெயிலும் கடற்காற்றும் சில குறைகளை வேகப்படுத்தும். முதலாவது துத்தநாக உலோகச் சிதைவு. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய வார்ப்பு உதிரிகளில், சக்கரங்களிலும் 1938-41 டப்ளோ அடித்தட்டுகளிலும் குறிப்பாக, ஈயம் போன்ற கலப்படம் இருந்ததால் உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து, வீங்கி, கடைசியில் பிஸ்கோத்துப் போல நொறுங்கும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் இது முன்னேறும். மெல்லிய விரிசல் கோடுகள், வளைந்த அடித்தட்டு, திரும்பாத சக்கரம் ஆகியவை அடையாளம். இதற்கு மருந்து கிடையாது; மறைக்கவும் கூடாது. மறைத்து விற்றால் ஏலக் கம்பெனி விற்பனையை ரத்து செய்துவிடும். இரண்டாவது, 1950களின் தொடக்க டிரை-ஆங் பிளாஸ்டிக் உடல்கள். அவை செல்லுலோஸ் அசிடேட். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணில் பல கோடைகள் இருந்தால் முறுக்கிக்கொள்ளும். மூன்றாவது, அட்டைப்பெட்டிக்கு வரும் கரையானும் ராமபாணமும்.

பூச்சிக்கு என்று பாச்சை உருண்டை போட்டு வைப்பது நம் பழக்கம். பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் உள்ள இடத்தில் அதைப் போடவே கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கி, பளபளப்பைக் கெடுத்து, சில சமயம் ஒட்டிக்கொள்ள வைத்துவிடும். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே எடுத்துவிட்டு, நிழலில் காற்றாட வையுங்கள்.

ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசை புரிகிறது. ஆனால் பழைய டிரான்ஸ்பார்மரைப் பிளக்கில் சொருகாதீர்கள். வயரின் ரப்பர் உறை பொடிந்திருக்கும். லயோனல் அமெரிக்க டிரான்ஸ்பார்மர் 110-120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் சில நொடிகளில் புகைந்துவிடும். டப்ளோ இன்ஜினைச் சோதிக்க 12 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டர் போதும்: மூன்று தண்டவாள வகையில் ஒரு வயரை நடுத் தண்டவாளத்திலும் மற்றதை ஓரத் தண்டவாளத்திலும் தொட வேண்டும். இரண்டு நொடிக்குள் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். உள்ளே கிரீஸ் கெட்டியாகியிருக்கும். வற்புறுத்தினால் மோட்டாரின் சுழலும் சுருளான ஆர்மேச்சர் கருகிவிடும். 'சோதிக்கவில்லை' என்று எழுதி விற்றாலும் விலை பெரிதாக விழாது, எரிந்த மோட்டாருக்குத்தான் விழும். சாவி கொடுத்து ஓடும் வகையில் ஸ்பிரிங்கை முழுவதும் முறுக்கக் கூடாது. இரண்டு சுற்று கொடுத்துப் பாருங்கள். சாவியை வண்டியில் இருந்து கழற்றி, தனிக் கவரில் வைத்து எண்ணிட்டுக்கொள்ளுங்கள்.

ஏலம் என்றால் உண்மையில் என்ன செலவு

பிரிட்டனில் தார்னபியில் உள்ள வெக்டிஸ், நியூபரியில் உள்ள ஸ்பெஷல் ஆக்‌ஷன் சர்வீசஸ், ஜெர்மனியில் லாடன்பர்க் பொம்மை ஏலம் போன்றவை பொம்மைகளுக்கென்று தனி ஏலம் நடத்துபவை. மெர்க்லின் என்றால் ஜெர்மனி, ஹார்ன்பி என்றால் பிரிட்டன், லயோனல் என்றால் அமெரிக்கா என்று சொந்த ஊர்ச் சந்தைக்கே அனுப்புவது நல்லது. ஊர் மாறினால் கேட்பவர் எண்ணிக்கை குறையும், விலையும் குறையும். சாதாரணக் கலைப்பொருள் ஏலக் கம்பெனிக்கு இதைக் கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அங்கே பட்டியல் எழுதுபவருக்கு வேகன் வகைகள் தெரியாது. 'பழைய பொம்மை ரயில், ஒரு பெட்டி' என்று மொத்தமாகப் போட்டுவிடுவார்.

பணம் எப்படிக் கரைகிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. பத்து லாட்டாக (ஏலத்தில் ஒன்றாக விடும் தொகுதிக்கு லாட் என்று பெயர்) உங்கள் சரக்கு 1,000 பவுண்டுக்குப் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் கமிஷன் 15 சதவீதம் என்றால் 150. அந்தக் கமிஷன் மீது பிரிட்டனின் 20 சதவீத வாட் 30. லாட் ஒன்றுக்கு 2 பவுண்டு பட்டியல், போட்டோ கட்டணம் என்றால் 20. காப்பீடு ஒன்றரை சதவீதம் 15. கையில் மிஞ்சுவது 785. இந்த விகிதங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சரக்கு நன்றாக இருந்தால் கமிஷனைப் பேசிக் குறைக்கலாம். வாங்குபவரோ படிந்த விலைக்கு மேல் தன் பங்குக்கு 25 சதவீதமும் அதற்கு வாட்டும் சேர்த்து 1,300 பவுண்டு கட்டுகிறார். 'ஏலத்தில் 1,300க்குப் போனது' என்று இணையத்தில் பார்த்தால், விற்றவர் கைக்கு வந்தது அது அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவுண்டுக்கு ரூ.115 என்று போட்டால் 785 பவுண்டு ரூ.90,275. இங்கேதான் திருநெல்வேலிக் கணக்கு தொடங்குகிறது. கூரியர்காரர்கள் உண்மையான எடையையும் கன எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். கன எடை என்பது நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது. 60, 40, 40 அளவுள்ள பெட்டி என்றால் 19.2 கிலோ. உள்ளே 12 கிலோ சரக்குதான் இருக்கிறது என்றாலும் 19.2 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அனுப்பும் செலவும் பொதி கட்டும் செலவும் சேர்ந்து ரூ.20,000 ஆனால் மிச்சம் ரூ.70,000 சொச்சம். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் வியாபாரி, கடைசியாகத் தான் விற்கப்போகும் விலையில் நாற்பது முதல் ஐம்பது சதவீதம் கொடுப்பார். 1,300 பவுண்டில் அது ஏறத்தாழ ரூ.60,000 முதல் ரூ.75,000 வரை. நான்கைந்து மாதம் காத்திருந்து வாங்கும் எழுபதும், இந்த வாரமே வாங்கும் எழுபதும் ஒன்றல்ல.

இதே 1,000 பவுண்டு ஒரே ஒரு நல்ல இன்ஜினுக்குக் கிடைப்பதாக இருந்தால் கதை மாறும். 40, 20, 20 பெட்டியில் போனால் கன எடை 3.2 கிலோதான். ரூ.5,000 செலவில் போய்ச் சேர்ந்துவிடும். ஒரே லாட் என்பதால் பட்டியல் கட்டணமும் 2 பவுண்டுதான், கையில் ரூ.87,000 நிற்கும். எனவே எங்கள் அளவுகோல் இது: பொதியின் கட்டண எடையில் கிலோவுக்கு 100 பவுண்டுக்கு மேல் எதிர்பார்க்க முடிந்தால் ஏலம். 50க்குக் கீழே என்றால் வியாபாரி. இடையில் உள்ளது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தண்டவாளத்தை அனுப்பவே கூடாது என்பது விளங்கும். ஓ கேஜ் தகரத் தண்டவாளம்தான் எடையில் பெரும்பங்கு. விலையோ மிகக் குறைவு. தண்டவாளம், டிரான்ஸ்பார்மர், பெரிய ஸ்டேஷன் கட்டடங்கள் இங்கேயே தங்கட்டும். அபூர்வமான, பெட்டியோடு உள்ள ஸ்டேஷன் மட்டும் விதிவிலக்கு.

ஏலத்தில் இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று இறக்குமதி வாட். எதுவும் சொல்லாமல் பார்சலை அனுப்பினால், பிரிட்டன் சுங்கம் நீங்கள் எழுதிய மதிப்பின் மீது வாட் போடும். கூரியர் தன் கட்டணத்தையும் சேர்க்கும். அதை ஏலக் கம்பெனி உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளும். விற்பனைக்காகத் தற்காலிகமாக வரும் பொருள் என்ற முறையில் எடுத்துக்கொள்ள முடியுமா, அதற்குப் பார்சல் மேல் என்ன எழுத வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே அனுப்புங்கள். இரண்டாவது, விற்காமல் திரும்பி வருவது. பொம்மை இறக்குமதிக்கு நம் நாட்டில் வரி கடுமை. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ தரக் கட்டாயமும் இருக்கிறது. நம்முடைய பொருளே திரும்பி வந்தால் விலக்கு கேட்கலாம், ஆனால் போனது இதுதான் என்று நிரூபிக்க வேண்டும். ஏற்றுமதிச் சீட்டும், ஒவ்வொரு பொருளின் போட்டோவும் இல்லாவிட்டால் சுங்கக் கிடங்கிலேயே கிடக்கும். ஆகவே குறைந்தபட்ச விலையை உயர்த்தி வைக்காதீர்கள். மதிப்பீட்டின் கீழ்நிலைக்கும் சற்றுக் கீழே வைத்து, முதல் ஏலத்தில் போகாவிட்டால் விலை குறைத்து அடுத்த ஏலத்தில் விடும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி பல ஆயிரம் ரூபாயைக் காக்கும்.

வியாபாரி

வியாபாரியிலும் மூன்று தரம் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலும் மும்பை சோர் பஜாரிலும் உள்ள பழம்பொருள் கடைக்காரர்கள் ஒரு தரம். அவர்களுக்குச் செட்டிநாட்டுத் தேக்கும் எனாமல் பாத்திரமும் தெரியும் அளவுக்கு ரயில் தெரியாது. அலங்காரப் பொருளாக, பெரிதாகவும் கலராகவும் இருப்பதற்கு விலை கொடுப்பார்கள். பெட்டி இல்லாத, பெயிண்ட் உரிந்த ஓ கேஜ் இன்ஜினுக்கு வெளிநாட்டு ஏலத்தில் கிடைப்பதைவிட இங்கே நல்ல விலை வரவும் கூடும், ஹோட்டல் அலங்காரத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்றால். சின்ன டப்ளோவை அவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, சென்னை, மும்பை, பெங்களூரில் மாடல் ரயில் மட்டுமே வாங்கி விற்பவர்கள். பெரும்பாலும் அவர்களே சேகரிப்பாளர்கள். விஷயம் தெரியும், அதனாலேயே ஆபத்தும் உண்டு. வந்து பார்த்து, பாலில் ஆடையை மட்டும் வழித்துக்கொண்டு போவதுபோல நல்ல நான்கைந்தை எடுத்துவிட்டு மிச்சத்தை உங்கள் தலையில் விட்டுவிடுவார்கள். அந்த நான்கைந்துக்கு நல்ல விலை கொடுத்தால் அதில் தவறு இல்லை. மொத்தத்துக்கு ஒரு விலை பேசிவிட்டு, கடைசியில் சிலவற்றை 'இது ஓடாது, வேண்டாம்' என்று ஒதுக்கி விலையையும் குறைப்பதுதான் தவறு. எனவே விலையைப் பொருள் பொருளாக எழுதி வாங்குங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகே பெட்டி வாசலைத் தாண்ட வேண்டும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை உண்டு, அபராதம் ரொக்கத்தைப் பெற்ற உங்களுக்கே.

மூன்றாவது, வெளிநாட்டு வியாபாரி. ஷெஃபீல்டில் உள்ள ரெயில்ஸ் ஆஃப் ஷெஃபீல்ட் போன்ற கடைகள் போட்டோ பார்த்து மொத்தத் தொகுப்புகளை வாங்குகின்றன. பழைய இணையப் பட்டியல்களில் ஹேட்டன்ஸ் பெயரை இன்னும் பார்க்கலாம். அது 2024இல் கடையை மூடிவிட்டது. வெளிநாட்டு வியாபாரி நமக்கு அவ்வளவு தோதானவர் அல்ல: ஏலத்துக்கு ஆகும் அதே அனுப்புச் செலவு, வியாபாரிக்கு உரிய குறைந்த விலை, இரண்டும் சேர்ந்துவிடும். போட்டோ பார்த்துச் சொன்ன விலை, பொருள் போய்ச் சேர்ந்ததும் 'நேரில் பார்த்தபோது கீறல் இருந்தது' என்று குறையவும் செய்யும். கடல் தாண்டிப் போன பொருளுக்குப் பேரம் பேச நம்மிடம் பலம் இல்லை. அங்கே மகனோ மகளோ இருந்து, விடுமுறைக்கு வந்து போகும்போது கைப்பெட்டியில் எடுத்துச் செல்ல முடியும் என்றால் மட்டும் யோசிக்கலாம். அப்படியும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

நேரடி விற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல விலை கிடைக்கும், நேரம் போகும். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர் கேள்வி கேட்பார்கள், ஒருவர் வாங்குவார். இருபது முப்பது பொருளுக்கு மேல் இருந்தால் பாதியில் சலிப்பு வந்து மிச்சம் மறுபடியும் பரணுக்கே போகும். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்தப் பொருள் மேல் பிரியம் உள்ளவர் வீட்டில் இருந்தால் இதுவே சிறந்த வழி.

நூறு ஆண்டு தாண்டியவை

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினை, கலை, வரலாற்றுப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரை நீளக்கூடிய சிறையும் அபராதமும் உண்டு. பொம்மை ரயில்தானே என்று அலட்சியப்படுத்த முடியாது, வரையறை விரிவானது. மேலே தனியாக எடுத்து வைக்கச் சொன்ன 1920-25 காலத்து ஹார்ன்பியும், அதற்கு முந்தைய பிங், மெர்க்லின், பாசெட்-லோக் கம்பெனிகளின் சரக்கும் இந்த எல்லைக்குள் வந்துவிடக்கூடும். ஒவ்வொரு ஆண்டும் எல்லை நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஏலக் கம்பெனிக்கு உற்சாகத்தில் 'நூறு வருஷத்துக்கு மேல் பழசு' என்று கடிதம் எழுதிவிட்டு, சுங்கச் சீட்டில் 'பழைய பொம்மை' என்று எழுதுவது நேரே வம்பில் மாட்டிவிடும்.

சந்தேகமுள்ள பொருளுக்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். போட்டோக்களும் காலத்தைக் காட்டும் ஆதாரமும் கொடுக்க வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால் அந்தப் பொருளை உள்நாட்டிலேயே விற்பதுதான் வழி. தொல்பொருளைத் தொழிலாக விற்க உரிமம் தேவை என்பதால், வாங்கும் வியாபாரியிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதும் உங்கள் பாதுகாப்புக்கு நல்லது. இந்த வகைச் சரக்குக்கு இந்திய வியாபாரியோ இந்தியச் சேகரிப்பாளரோதான் பதில், விலை குறைவாக இருந்தாலும்.

நூறு ஆண்டுக்குக் குறைந்தவற்றை விற்பனைக்கு அனுப்பவும் காகிதம் உண்டு. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் தரும் ஏற்றுமதி-இறக்குமதி எண்ணான ஐஇசியை இணையத்திலேயே எடுக்கலாம், கட்டணம் ரூ.500. தபால் வழி என்றால் தலைமை அஞ்சலகத்தில் ஏற்றுமதிச் சேவை பற்றிக் கேட்டு, தபால் ஏற்றுமதிச் சீட்டு போட்டு அனுப்பலாம். பொம்மைகளுக்கும் சிறு அளவு மாடல்களுக்கும் சுங்கத் தலைப்பு 9503. 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். பணம் வங்கிக்கு வரும்போது எதற்கான தொகை என்று கேட்பார்கள். காகிதம் ஒத்துப்போகாவிட்டால் தொகை நிற்கும். ஏல ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஐஇசி பெயரும் ஒன்றாக இருக்கட்டும். அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவான சொத்து என்றால் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு ஒப்புதல் கடிதம் முதலிலேயே இருக்க வேண்டும். வருமான வரிக்கு இது சொந்த உபயோகப் பொருளா, முதலீடா என்ற கேள்வி வரும். ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பிரித்து விற்பது

ஆக, மொத்தத்தையும் ஒரே வாசல் வழியாக அனுப்புவதுதான் பெரும்பாலும் நஷ்டம். கலந்த தொகுப்பு என்றால் இப்படிப் பிரிப்போம்: பெட்டியோடு உள்ள, பெயிண்ட் நன்றாக உள்ள இன்ஜின்களும் அபூர்வ வேகன்களும் ஒரே சிறிய பொதியாக ஏலத்துக்கு. சாதாரண வேகன், கோச், உதிரி எல்லாம் மாடல் ரயில் வியாபாரிக்கு. பெயிண்ட் உரிந்த பெரிய தகரச் சரக்கு காரைக்குடிப் பக்கம். பிளாஸ்டிக் செட்டு உள்ளூரில். ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஏலக் கம்பெனியின் மதிப்பீட்டை வாங்கிக்கொண்டு பிறகுதான் வியாபாரியைக் கூப்பிட வேண்டும். ஏலத்துக்குப் போவதை எடுத்து ஒளித்துவிட்டு மிச்சத்தைக் காட்டினால் வியாபாரி வரவே மாட்டார். எல்லாவற்றையும் காட்டி, இன்னின்னது விற்பனைக்கு இல்லை என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அதற்கும் நல்ல விலை சொன்னால் உங்கள் கிலோக் கணக்கை வைத்து அங்கேயே முடிவெடுக்கலாம்.

மொத்தமும் போருக்குப் பிந்தைய சாதாரண ஓ கேஜ் சாவி ரயில் என்றால் ஏலத்தை மறந்துவிடுங்கள். லட்சக்கணக்கில் தயாரானவை அவை. எடை அதிகம், வாங்குபவர் தலைமுறையும் குறைந்துவருகிறது.

பொதி கட்டுவது

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். அட்டை ஈரம் இழுத்து, மூடிய பெட்டிக்குள் துருப்பிடிக்கும். தென்காசிப் பக்கம் என்றால் சாரல் மாதங்களும் ஆகாது. தை, மாசி நல்லது. ஒவ்வொரு பொருளையும் அமிலமில்லாத மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை எனாமலில் இறங்கும். பபிள் ஷீட்டை நேரடியாகப் பெயிண்டில் படவிட்டால் வெப்பத்தில் வட்டம் வட்டமாகத் தடம் விழும். தாளுக்கு மேல்தான் அது வர வேண்டும். அசல் அட்டைப்பெட்டிக்குள் கனமான இன்ஜினை வைத்து அனுப்பாதீர்கள், குலுங்கி மூலை கிழியும். இன்ஜினைத் தனியாகவும், பெட்டியைத் தட்டையாக்காமல் உள்ளே தாள் அடைத்துத் தனியாகவும் வையுங்கள். கிழிந்த பழைய பெட்டிக்கு செலோடேப் ஒட்டக் கூடாது. அதில் கொழும்புக் கடைச் சீட்டு ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடைக்க வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். வைக்கோல் வேண்டாம். ஆசாரியிடம் சொல்லி மரப்பெட்டி செய்தால், வெப்பப் பதம் செய்ததற்கான ஐஎஸ்பிஎம்-15 முத்திரை இல்லாமல் வெளிநாட்டில் இறக்கவிட மாட்டார்கள். இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டியே போதும், கன எடையும் குறையும்.

ஏலக் கம்பெனிக்கு முதல் மின்னஞ்சல் அனுப்பும்போது 'தாத்தாவின் அரிய தொகுப்பு' என்ற வருணனை தேவையில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். இரு பக்கம், அடிப்பக்கம், பெட்டி என நான்கு போட்டோ, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில். பெட்டி உண்டா, சாவி உண்டா, விரிசல் உண்டா என்ற குறிப்பு. கூடவே ஆறு கேள்விகள்: என் பொருளுக்குக் கமிஷன் எவ்வளவு, அதற்கு வாட் உண்டா, லாட் கட்டணமும் காப்பீடும் எவ்வளவு, இறக்குமதி வாட்டை எப்படிக் கையாள்வீர்கள், விற்காததை என்ன செய்வீர்கள், இந்திய வங்கிக் கணக்குக்கு ஏலம் முடிந்து எத்தனை நாளில் பணம் வரும். இரண்டு கம்பெனிகளுக்கு ஒரே நாளில் அனுப்புங்கள். ஆறு கேள்விக்கும் எண்களோடு பதில் எழுதும் கம்பெனியிடம் கொடுங்கள். மதிப்பீட்டை மட்டும் உயர்த்திச் சொல்லிவிட்டு மற்ற ஐந்தையும் தாண்டிப் போகும் கம்பெனியை விட்டுவிடுங்கள்.